ஆவாரம்பட்டையும் இதயக் கதவும்

திண்டுக்கல் தோல் ஷாப்புகளைப் பற்றி மேலூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். செத்த மாட்டின் தோலைச் சும்மா போட்டால் அழுகிவிடும். பதனிட்டால் செருப்பாகி வருஷக்கணக்கில் உழைக்கும். ஆவாரம்பட்டையோ, கடுக்காயோ, குரோமியமோ... செய்கிற வேலை ஒன்றுதான். தோலிலுள்ள கொலாஜன் என்ற புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுவது. அப்புறம் பாக்டீரியாவின் பல்லுக்கு அது லேசில் மசியாது!

இந்தச் சங்கதியால்தான் இன்று எத்தனையோ பேர் பன்றியின் வால்வையும் மாட்டின் சவ்வையும் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு நடமாடுகிறார்கள் என்றால் நம்புவீர்களா?

நம் இதயத்தில் நான்கு வால்வுகள். ஒருவழிக் கதவுகள். நாளுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை திறந்து மூடுகின்றன. அமெரிக்காவில் 1960-ல் ஆல்பர்ட் ஸ்டார் என்ற சர்ஜனும் லோவல் எட்வர்ட்ஸ் என்ற என்ஜினீயரும் கூண்டுக்குள் பந்து வைத்த செயற்கை வால்வைப் பொருத்தி ஜெயித்தார்கள். ஆனால் அந்நியப் பொருள்மேல் ரத்தம் உறையும். எனவே ஆயுள் முழுக்க வார்ஃபரின் மாத்திரை. (முதலில் எலி மருந்தாக விற்கப்பட்ட அதே வார்ஃபரின்தான்!)

பாரீஸில் 1965-ல் பினே, கார்ப்பென்டியே குழுவினர் பன்றி வால்வை மனிதனுக்கு வைத்தார்கள். ரத்தம் உறையும் தொல்லை குறைவு. ஆனால் சில வருஷங்களில் பல வால்வுகள் கெட்டுப்போயின. அலென் கார்ப்பென்டியே சோர்ந்துவிடவில்லை. சர்ஜனாக இருந்துகொண்டே வேதியியல் படிக்கப் போனார்! குளூட்டரால்டிஹைடு அகப்பட்டது. தோல் பதனிடவும் பயன்படுகிற ரசாயனம். அதில் ஊறிய வால்வு உறுதியானது, உடம்பின் எதிர்ப்பும் அடங்கியது. 1968 முதல் அதுதான் வழி. 2007-ல் ஸ்டாருக்கும் இவருக்கும் சேர்த்தே லாஸ்கர் விருது கிடைத்தது.

அப்படியானால் நம் ஊரில் ஏன் எல்லோருக்கும் இதை வைக்கவில்லை?

மேலை நாட்டில் வால்வு பழுதாவது பெரும்பாலும் வயசாளிகளுக்கு. நம் ஊரிலோ, சின்ன வயதில் தொண்டைப்புண்ணில் ஆரம்பிக்கும் ருமாட்டிக் காய்ச்சல் இளம் வயதிலேயே வால்வைத் தின்றுவிடுகிறது. இளம் உடம்பில் மிருக வால்வு சீக்கிரமே சுண்ணாம்பு படிந்து இறுகிப்போகும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் உலோகமும் பிளாஸ்டிக்குமாக வால்வு செய்ததை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். மூன்று மாடல்கள் தோற்றன. நான்காவது, 1990 டிசம்பர் 6-ம் தேதி ஒரு நோயாளியின் இதயத்தில் துடித்தது. வெளிநாட்டு வால்வை வாங்க வழியில்லாதவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

ஆனாலும் ஒரு முடிச்சு அவிழவில்லை. மேலூர் பக்கத்துக் கிராமத்தில், கல்யாணமாகிக் குழந்தைக்கு ஆசைப்படுகிற 23 வயதுப் பெண் ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். உலோக வால்வு என்றால் வார்ஃபரின். கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் அது கருவைப் பாதிக்கலாம். நிறுத்தினால் வால்வில் ரத்தம் உறைந்து தாயின் உயிருக்கே ஆபத்து. மாத்திரையின் அளவு சரியா என்று பார்க்க அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேறு. களையெடுக்கிற நாளில் கூலியை விட்டுவிட்டு மதுரைக்கு பஸ் ஏற வேண்டும்.

மிருக வால்வு வைத்தால் பெரும்பாலும் வார்ஃபரின் இல்லாமலே பிள்ளை பெறலாம். ஆனால் பத்துப் பதினைந்து வருஷத்தில், சில சமயம் அதற்கும் முன்பே, வால்வு தேய்ந்துவிடும். பிள்ளை பத்தாவது பரீட்சைக்குப் படிக்கிற சமயத்தில் அம்மாவின் நெஞ்சை மறுபடி திறக்க வேண்டியிருக்கலாம்.