மௌனமாகப் புறக்கணிக்கப்பட்ட கட்டளை: மெய்நிகர் எந்திரங்களின் வரலாறு

ஒரு கணினிக்குள் பல கணினிகளை இயக்கும் மெய்நிகர் எந்திரம் மேகக் கணிமையோடு பிறந்தது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது 1960களின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. அதன் வரலாற்றை ஒரே கேள்வியைக் கொண்டு தொடர்ந்து படிக்க இயலும்: விருந்தினராக இயங்கும் ஓர் இயங்குதளம் தனக்கு உரிமையில்லாத செயலைச் செய்ய முற்படும்போது, அது யாருக்குத் தெரியவருகிறது?

1964இல் எம்.ஐ.டி.யின் ‘புராஜெக்ட் மேக்’ திட்டம் தன் புதிய கணினிக்கு ஐ.பி.எம். நிறுவனத்தைத் தவிர்த்து ஜெனரல் எலெக்ட்ரிக்கைத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டில் ஐ.பி.எம்.மின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையத்தில் ராபர்ட் கிரீசி தலைமையிலான சிறு குழு ஒன்று வேறு பாதையில் நடக்கத் தொடங்கியது. பலர் பகிர்ந்துகொள்ளும் ஒரே பெரிய இயங்குதளத்தை எழுதுவதற்கு மாறாக, ஒவ்வொரு பயனருக்கும் ஒரு முழுக் கணினி கிடைத்ததுபோன்ற தோற்றத்தை உருவாக்குவதே அக்குழுவின் எண்ணம். சிறப்பாக மாற்றியமைக்கப்பட்ட சிஸ்டம்/360 மாடல் 40 எந்திரத்தில் ‘சி.பி.-40’ 1967இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதில் 14 மெய்நிகர் எந்திரங்கள் ஒரே நேரத்தில் இயங்க முடிந்தது. நிறுவனத்தின் அதிகாரபூர்வ நேரப்பகிர்வுத் திட்டமோ டி.எஸ்.எஸ்./360 என்ற வேறொன்று. அது தடுமாறிய காலத்தில், ஓரத்தில் வளர்ந்த சி.பி. மரபு நிலைத்து நின்று, 1972இல் வி.எம்./370 என்னும் பெயரில் முறையாக வெளியிடப்பட்டது.

இம்மரபின் முதன்மையான பயன்களுள் ஒன்று பிழைதிருத்தம் ஆகும். புதிய இயங்குதளத்தைச் சோதிக்க அதுவரை முழு எந்திரத்தையும் தனியே ஒதுக்க வேண்டியிருந்தது. மெய்நிகர் எந்திரத்திலோ, சோதனைக்குரிய இயங்குதளம் முறிந்து விழுந்தாலும் பக்கத்து எந்திரங்கள் அதனை அறிவதே இல்லை. இதற்குப் பின்னிருந்த நுட்பம் எளியது. விருந்தினர் அமைப்பு சிறப்புரிமைக் கட்டளை ஒன்றை இட்டவுடன் செயலி இடைமறிக்கும். கட்டுப்பாடு மேற்பார்வை நிரலிடம் செல்லும். அது அக்கட்டளையின் விளைவைப் போலியாக உருவாக்கி, விருந்தினரைத் தொடர்ந்து இயங்க விடும்.

1974இல் ஜெரால்ட் போபெக்கும் ராபர்ட் கோல்ட்பர்க்கும் இதனை ஒரு தேற்றமாக்கினர். எந்திரத்தின் நிலையை மாற்றவோ வெளிப்படுத்தவோ கூடிய கட்டளைகள் அனைத்தும் இடைமறிக்கப்படுபவையாக இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அந்த நிபந்தனை நிறைவேறினால் மேற்பார்வை நிரலை அமைப்பது உறுதியாக இயலும்.

இன்டெல்லின் எக்ஸ்86 மரபு, 1978இல் 8086 செயலியோடு தொடங்கி, 1985இல் 80386 வழியாக முழுமையான பாதுகாப்பு முறைமையைப் பெற்றபோதும், இந்த நிபந்தனையை நிறைவேற்றவில்லை. ‘பாப்எஃப்’ என்னும் கட்டளை தெளிவான சான்று. செயலியின் நிலைக்கொடிகளை மீட்டமைக்கும் கட்டளை அது. குறுக்கீடுகளை ஏற்பதா என்று தீர்மானிக்கும் கொடியும் அவற்றுள் அடங்கும். உரிமை குறைந்த நிலையில் அக்கொடியை மாற்ற முயன்றால் செயலி மறுப்பதும் இல்லை, எச்சரிப்பதும் இல்லை. அம்மாற்றத்தைப் புறக்கணித்து அடுத்த கட்டளைக்குச் சென்றுவிடுகிறது. விருந்தினர் அமைப்பு தன் ஆணை நிறைவேறியதாக நம்புகிறது. மேற்பார்வை நிரலுக்கோ ஆணை இடப்பட்டதே தெரியாது. 2000இல் ஜான் ராபினும் சிந்தியா இர்வினும் பென்டியம் செயலியில் இத்தகைய 17 கட்டளைகளைப் பட்டியலிட்டனர்.

இத்தடையை 1998இல் தொடங்கப்பட்ட விஎம்வேர் மென்பொருளால் கடந்தது. ஸ்டான்ஃபோர்டில் மெண்டல் ரோசன்ப்ளமும் அவர்தம் மாணவர்களும் 1997இல் வெளியிட்ட ‘டிஸ்கோ’ ஆய்வு அதற்கு முன்னோடி. விருந்தினர் அமைப்பின் கருநிரலை ஓடும்போதே ஆராய்ந்து, ஆபத்தான கட்டளைகளை மட்டும் பாதுகாப்பானவையாக மொழிபெயர்ப்பதே அதன் வழி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ‘சென்’ திட்டம் 2003இல் இதற்கு எதிர்வழியை முன்வைத்தது: விருந்தினர் அமைப்பையே திருத்தி, தான் மெய்நிகர் எந்திரத்தில் இருப்பதை அதற்கு உணர்த்துவது.

2005இல் இன்டெலும் 2006இல் ஏ.எம்.டி.யும் செயலியிலேயே இக்குறையைக் களைந்தன. ஆயினும் முதல் தலைமுறை வன்பொருள் உதவி, மென்பொருள் மொழிபெயர்ப்பைப் பல பணிகளில் விஞ்சவில்லை என்று கீத் ஆடம்ஸும் ஓலே ஆகெசனும் 2006இல் காட்டினர். நினைவகப் பக்க அட்டவணைகளையும் வன்பொருளே கையாளத் தொடங்கிய பின்னரே நிலை மாறியது. 2007இல் லினக்ஸ் கருநிரலில் கே.வி.எம். இணைந்ததும் இந்த வன்பொருள் வசதியின் பலத்தில்தான். இன்றும் சொந்தக் கணினியில் மெய்நிகர் எந்திரம் தொடங்க மறுத்தால் முதலில் பயாஸ் அமைப்பில் அவ்வசதி முடக்கப்பட்டுள்ளதா என்று பார்க்கச் சொல்வது இவ்வரலாற்றின் எச்சமே.

வேறொரு எச்சம் கடிகாரம். குறுக்கீடுகளை எண்ணியே நேரம் கணித்த பழைய இயங்குதளங்கள், தமக்குச் செயலி கிடைக்காத கணங்களை எண்ணத் தவறின, நேரம் பின்தங்கியது. அங்கும் பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. பதிவேடுகளின் நேரங்கள் முரண்படும்போதுதான் நிர்வாகி அதனை உணர்கிறார்.

2015இல் வெளிப்பட்ட ‘வெனம்’ குறைபாடு இதனினும் கடுமையானது. கியூஎமு என்னும் மென்பொருளில், வழக்கொழிந்த நெகிழ்வட்டு இயக்கியைப் போலி செய்யும் பகுதியில், 2004 முதல் ஒரு பிழை மறைந்திருந்தது. விருந்தினர் எந்திரத்தில் முழு அதிகாரம் பெற்ற ஒருவர் அதன் வழியே சுவரைத் துளைத்துத் தாய் எந்திரத்தை அடையக்கூடிய வாய்ப்பு இருந்தது. யாரும் தொடாத ஒரு கருவியின் நிழல் பதினோராண்டுகள் திறந்த கதவாக இருந்திருக்கிறது.

கிரீசியின் குழு காலத்தில் சுவரின் இருபுறமும் இருந்தவர்கள் ஒரே நிறுவனத்தின் ஊழியர்களாகவோ ஒரே ஆய்வகத்தின் பயனர்களாகவோ இருந்தனர். இன்று ஒருவரை ஒருவர் அறியாத வங்கியும் மருத்துவமனையும் ஒரே செயலியைப் பகிர்ந்துகொள்ளலாம். வெளிப்படையாக முறியும் எந்திரத்தைப் பழுது பார்த்துவிடலாம். மௌனமாகத் தவறும் எந்திரமே ஆபத்தானது. 1974இன் தேற்றம் கணினிக் கட்டமைப்பாளரிடம் கேட்டது ஒன்றுதான்: உரிமை மீறப்படும் இடத்தில் எந்திரம் வாய்திறக்க வேண்டும்.