‘எதுக்குப் போறீங்க?’ – நம்ம பெண்கள் ஊர் பார்க்கப் போன வரலாறு



மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரணும்னு செயலாளர் அக்கா என்கிட்ட சொன்னாங்க. "கறவை மாடு, கோழிப் பண்ணை, கடன் வசூல் பத்தியெல்லாம் மத்தவங்க எழுதுறாங்க. நீ வேற ஏதாவது எழுது"ன்னாங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். எனக்குப் பிடிச்ச பாடம் வரலாறு. ராஜா எங்கே போனார், எந்த ஊரைப் பிடிச்சார் என்பதெல்லாம் அதில் வரும். நம்மை மாதிரி பெண்கள் எங்கே போனாங்க, எதைப் பார்த்தாங்க என்பது வராது. அதனால நாம உல்லாசப் பயணம் போன வரலாற்றை எனக்குத் தெரிஞ்ச அளவில் எழுதுகிறேன்.

அவ்வையார் நடந்த ஊர்

நம்ம தர்மபுரிக்குப் பழைய பேர் தகடூர். அதியமான் ஆண்ட ஊர். அவர் அவ்வையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை நமக்கெல்லாம் தெரியும். எனக்கு அந்தக் கனியை விட அவ்வையாரோட கால் மேலதான் ஆச்சரியம். ஊர் ஊராகப் போய்ப் பாடியிருக்காங்க. அதியமானுக்காகக் காஞ்சிக்குத் தொண்டைமான்கிட்ட தூது போயிருக்காங்க. ஒரு பெண் அவ்வளவு தூரம் போனாங்கன்னு படிக்கும்போது பெருமையா இருக்கு.

என் பெண்ணோட ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் மணிமேகலைப் பாடம் இருந்தது. பூம்புகாரில் இந்திர விழா 28 நாள் நடந்ததாம். தெருவில் புது மணல் பரப்பி, தோரணம் கட்டி, வாழையும் கரும்பும் நட்டு வைப்பாங்களாம். வீட்டை விட்டு வெளியே வந்து நாலு இடம் பார்க்கணும் என்கிற ஆசை நமக்குப் புதுசா வந்ததில்லை என்று அதைப் படிச்சப்போ நினைச்சேன்.

ஆனா அந்த ஆசைக்கு எப்பவும் ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. எங்க ஆயாகிட்ட, "நீங்க எந்த ஊருக்கெல்லாம் போயிருக்கீங்க?"ன்னு ஒரு தடவை கேட்டேன். விரல் விட்டு எண்ணினாங்க. கல்யாணம், காது குத்து, சாவு, குலசாமி கோயில், ஆடிப் பதினெட்டு. அதோட முடிஞ்சது. "சும்மா எங்கேயும் போகலையா ஆயா?"ன்னேன். "சும்மா எதுக்குப் போவாங்க?"ன்னு என்னையே திருப்பிக் கேட்டாங்க.

வண்டியும் கட்டுச்சோறும்

ஆயா காலத்துப் பயணம் மாட்டு வண்டியில். ஆடிப் பதினெட்டுக்கு முதல் நாள் ராத்திரியே வண்டி கட்டிடுவாங்க. அடியில் வைக்கோல் போட்டு, மேலே சமுக்காளம் விரிச்சு, பெண்களும் குழந்தைகளும் உட்காருவாங்க. ஆம்பளைங்க பாதி தூரம் நடந்தே வருவாங்க. புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கிட்டு, வறுத்த நிலக்கடலையை மடியில் போட்டுக்குவாங்க. காவிரியில் குளிச்சு, தாலிக்கயிறு மாத்தி, காதோலை கருகமணி விட்டு, சோறு தின்னுட்டுத் திரும்பிடுவாங்க. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் சமைக்காம உட்கார்ந்து சாப்பிட்ட நாள் என்று ஆயா சொல்லுவாங்க. அதையும் முதல் நாள் சமைச்சது அவங்கதான்!

காணும் பொங்கல் இன்னொரு நாள். பேரிலேயே காணுவது இருக்கு. சொந்தக்காரங்களைக் காணுறது, ஆத்தையும் அணையையும் காணுறது. மேட்டூர் அணை 1934-ல் திறந்தாங்க. அதுக்கப்புறம் சேலம், தர்மபுரி பக்கத்து ஜனங்களுக்குப் போக ஒரு புது இடம் கிடைச்சது. அணை முனியப்பன் கோயிலில் கோழி அறுத்துப் பொங்கல் வச்சு, பூங்காவைச் சுத்திட்டு வருவாங்க. தண்ணி நல்லா இறங்கின வருஷத்தில், பண்ணவாடி பக்கம் முழுகிக் கிடக்கிற பழைய கோயில் நந்தி வெளியே தெரியும். அதைப் பார்க்கவும் கூட்டம் போகும். அங்கேயும் பாருங்க, முனியப்பனுக்கு வேண்டுதல் இருந்தாத்தான் வீட்டுப் பெண்கள் வண்டி ஏறலாம்.

ரயிலும் பஸ்ஸும்

தென்னாட்டில் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் ஓடியது. நம்ம பக்கத்தில் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-ல் ஒரு சின்ன ரயில் விட்டாங்க. பிறகு ஓசூர் வரைக்கும் போனது. 1941-ல் அதை நிறுத்திட்டாங்க.

ரயில் வரலாற்றில் நமக்குன்னு ஒரு விஷயம் இருக்கு. 1890-ம் வருஷத்து ரயில்வே சட்டத்தில், ஒவ்வொரு பயணிகள் ரயிலிலும் குறைஞ்ச கட்டண வகுப்பில் பெண்களுக்குன்னு ஒரு அறை ஒதுக்கணும்னு எழுதினாங்க. ரயில் 50 மைலுக்கு மேல் போனால் அந்த அறையில் கழிப்பறையும் இருக்கணும். இதைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. இன்னிக்கும் நாம வெளியூர் கிளம்புற அன்னிக்குக் காலையில் ஒரு வாய் தண்ணி குடிக்கப் பயப்படுறோம். வழியில் எங்கே இறங்குறது என்கிற கவலை. அந்தக் கவலை சட்டம் எழுதினவங்களுக்கே அப்பவே தெரிஞ்சிருக்கு.

1970-களில் அரசு பஸ் கழகங்கள் வந்தது. சேலத்தில் அண்ணா பேரில் ஒரு கழகம். பின்னாடி தர்மபுரிக்கும் அன்னை சத்யா பேரில் தனிக் கழகம் வந்தது. கிராமத்து ரோட்டுக்கு பஸ் வந்ததும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் தனியாப் போய்வரப் பெண்கள் பழகினாங்க.

எங்க அம்மா காலத்தில் மேல்மருவத்தூர் வந்தது. சிவப்புச் சேலை கட்டி, மாலை போட்டு, இருமுடி தூக்கிட்டு ஊர்ப் பெண்கள் ஒரு பஸ் நிறையப் போவாங்க. புருஷன் துணை இல்லாம, பக்கத்து வீட்டு அக்கா தங்கச்சியோட வெளியில் ஒரு ராத்திரி தங்கினது நிறையப் பேருக்கு அதுதான் முதல் தடவை. அந்தப் பஸ் திரும்பும்போது மாமல்லபுரத்தில் நின்னுது. எங்கம்மா கடலைப் பார்த்தது அப்படித்தான். கடல் பார்க்கப் போகணும்னு கேட்டிருந்தா அனுப்பியிருக்க மாட்டாங்க. சாமிக்குப் போன வழியில் கடல் வந்துச்சு. வந்து ஒரு வாரம் அந்த அலையைப் பத்தியே பேசினாங்க.

அதே மாமல்லபுரத்துக்கு நான் எட்டாவது படிக்கும்போது பள்ளியில் கல்விச் சுற்றுலா கூட்டிட்டுப் போனாங்க. எங்க வகுப்புப் பசங்க எல்லாரும் போனாங்க. பெண் பிள்ளைகளில் பாதிப் பேர் போகலை. அதில் நானும் ஒருத்தி. "வயசுக்கு வந்த பிள்ளை, எதுக்கு?"ன்னு அப்பா சொல்லிட்டார். கடலைப் பார்த்துட்டு வந்த அம்மாவும் பக்கத்தில்தான் நின்னாங்க. ஒண்ணும் சொல்லலை. அது எனக்கு ரொம்ப நாள் மனசில் இருந்தது.

தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி

1989-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோட தமிழ்நாட்டில் முதன்முதலா மகளிர் குழுக்களை ஆரம்பிச்சது நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான். 1997-98-ல் அது மகளிர் திட்டமாகி மத்த மாவட்டங்களுக்கும் போனது. குழுவால சேமிப்பு வந்தது, கடன் வந்தது, பேங்க் மேனேஜர் முன்னாடி உட்கார்ந்து பேசுற தைரியம் வந்தது. இதெல்லாம் இந்த மலரில் மத்தவங்க எழுதியிருப்பாங்க. நான் எழுத வந்தது எங்க குழுத் தீர்மானப் புத்தகத்தில் இருக்கிற ஒரு வரியைப் பத்தி.

2014-ல் ஒரு கூட்டத்தில் எங்க குழுவில் வயசில் மூத்த அக்கா, "நாம எல்லாரும் ஒரு நாள் ஒகேனக்கல் போயிட்டு வரலாமா?"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எங்க ஊர் பென்னாகரம் பக்கம். ஒகேனக்கல் ஒரு மணி நேரத்துக்குள்ள போற தூரம். பெங்களூரிலிருந்தெல்லாம் காரில் வந்து பார்க்கிறாங்க. ஆனா எங்க 12 பேரில் பரிசல் ஏறினவங்க ரெண்டே பேர்.

பணம் எங்கிருந்து எடுக்கிறதுன்னு பெரிய பேச்சு வந்தது. சுழல் நிதியைத் தொடக்கூடாது, குழுச் சேமிப்பையும் தொடக்கூடாதுன்னு முதலிலேயே முடிவு பண்ணினோம். மாசம் 50 ரூபாய் தனியாப் போடுறது. 12 பேர், 12 மாசம், 7,200 ரூபாய். அதைத் தீர்மானமா எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம்.

விஷயம் வெளியே போனதும் ஊரில் பேச்சு கிளம்பிடுச்சு. "கடன் வாங்கி ஊர் சுத்தப் போறாளுங்க"ன்னாங்க. என் வீட்டுக்காரரே, "எதுக்குப் போறீங்க? வேண்டுதல் ஏதாவது இருக்கா?"ன்னு கேட்டார். "பார்க்கப் போறோம்"னு சொன்னேன். அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு அவருக்குத் தெரியலை. ரெண்டு நாள் சரியாப் பேசலை. தவணை ஒழுங்காக் கட்டின ரசீதை எடுத்துக் காட்டினேன். பிறகு அவரே வேன்காரர்கிட்ட வாடகை பேசிக் கொடுத்தார்.

வீட்டில் இருக்கிற வயசான பெண்கள் யார் வந்தாலும் கூட்டிட்டுப் போகலாம்னு முடிவு பண்ணினோம். ஆறு பேர் வந்தாங்க. அதில் எங்க மாமியாரும் ஒருத்தர். "நான் ரெண்டு தடவை பார்த்த இடம்தானே, எனக்கு எதுக்கு?"ன்னு முதலில் சொன்னாங்க. நான்தான் விடாம வேனில் ஏத்தினேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை கிளம்பினோம். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, எள்ளுத் துவையல் எல்லாம் வீட்டுக்கு ஒண்ணாப் பிரிச்சுக்கிட்டதால யாருக்கும் வேலை பாரமா இல்லை. வழியில் முதலைப் பண்ணையைப் பார்த்தோம். மீன் வறுவல் வாங்கித் தின்னோம். அப்புறம் பரிசல். முன்னெல்லாம் மூங்கிலைப் பின்னி மாட்டுத் தோல் போர்த்திப் பரிசல் செய்வாங்களாம். இப்போ தோல் இல்லை. உயிர்க்கவச உடுப்பு போட்டுவிட்டாங்க. சேலை மேல அதை மாட்டிக்கிட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்து அப்படிச் சிரிச்சோம்.

அருவி கிட்டப் போகப்போக சாரல் புகை மாதிரி முகத்தில் அடிச்சது. கன்னடத்தில் ஹொகே என்றால் புகை, கல் என்றால் நம்ம கல்லேதான். புகையிற கல். அதுதான் ஒகேனக்கல். எங்க மாமியார் பரிசல் விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு அண்ணாந்து பார்த்துட்டே இருந்தாங்க. பேச்சே இல்லை. கரைக்கு வந்ததும் என்கிட்ட மட்டும் சொன்னாங்க: "முன்னாடி ரெண்டு தடவை வந்தேனே, ஒண்ணு எங்கப்பா செத்ததுக்கு, இன்னொண்ணு உங்க மாமா செத்ததுக்கு. தலை முழுகினேன், போயிட்டேன். அருவி எந்தப் பக்கம் இருக்குன்னுகூடப் பார்க்கலை."

எனக்குப் பதில் வரலை. அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

அன்னிக்குச் செலவு போக மீதி 640 ரூபாய் இருந்தது. கணக்கு எழுதி அடுத்த பயணத்துக்கு வச்சோம். அதுக்கப்புறம் கொரோனா வந்த ரெண்டு வருஷம் தவிர மத்த வருஷமெல்லாம் எங்கேயாவது போயிட்டுத்தான் இருக்கோம். தீர்த்தமலை, ஏற்காடு, மேட்டூர் பார்த்தாச்சு. எங்க மாமியார் மூணு பயணம் வந்தாங்க. இப்போ அவங்க இல்லை. அவங்க காரியத்துக்கு ஒகேனக்கல் போனப்போ நான் தலை நிமிர்ந்து அருவியைப் பார்த்துட்டுத்தான் வந்தேன்.

இனி நாம செய்ய வேண்டியது

2021 மே மாசத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லை. பஸ்ஸுக்குக் காசு இல்லைன்னு சொல்ல வேண்டிய நிலைமை கொஞ்சம் குறைஞ்சிருக்கு. ஆனா "எதுக்குப் போறீங்க?" என்கிற கேள்வி இன்னும் இருக்கு. வெளியில் கேட்கிறவங்களை விட நமக்குள்ளேயே கேட்டுக்கிறது அதிகம். அதனால அனுபவத்தில் சிலது சொல்றேன்.

பயணப் பணத்தைத் தனியா வையுங்க. கடன் பணத்தையும் சுழல் நிதியையும் தொடாதீங்க. கணக்கைக் கூட்டத்தில் படிச்சுக் காட்டுங்க, வாய் பேசுறவங்க அடங்கிடுவாங்க. கிளம்புறதுக்கு முன்னாடி வழியில் சுத்தமான கழிப்பறை எங்கே இருக்குன்னு விசாரிச்சு வையுங்க, தண்ணி குடிக்காம வராதீங்க. காவிரியில் தண்ணி அதிகமா வர்ற நாளில் பரிசலும் குளியலும் நிறுத்தி வச்சிருப்பாங்க. அன்னிக்குப் பிடிவாதம் பிடிக்காம கரையில் நின்னு பார்த்துட்டு வாங்க. வீட்டில் இருக்கிற வயசானவங்களை, "உங்களுக்கு எதுக்கு?"ன்னு விட்டுட்டுப் போகாதீங்க.

இன்னொண்ணு. இந்த மலரைப் படிச்சு முடிச்சதும் உங்க அம்மாகிட்டயோ மாமியார்கிட்டயோ ரெண்டே ரெண்டு கேள்வி கேளுங்க. எங்கெல்லாம் போயிருக்கீங்க? எதுக்குப் போனீங்க? அவங்க சொல்றதை ஒரு நோட்டில் எழுதி வையுங்க. அதுவும் வரலாறுதான். நாம எழுதலைன்னா யாரும் எழுத மாட்டாங்க.

போன வருஷம் என் பெண் பள்ளியில் சுற்றுலாவுக்குப் பேர் கொடுத்துட்டு வந்து நின்னாள். கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாளை நீட்டினாள். நான் எதுக்குன்னு கேட்கலை. எப்போ கிளம்புறீங்கன்னு மட்டும் கேட்டேன்.

கூட்டமைப்பு மேலும் வளர வாழ்த்தும் உங்களில் ஒருத்தி.