சுவர் குடித்த தண்ணீர்

2015 டிசம்பர் மழை ஓய்ந்து நான்காவது நாள், திருவல்லிக்கேணியில் இருந்த அத்தை வீட்டுக்குப் போனேன். தெருவில் தண்ணீர் வடிந்திருந்தது. கூடத்தின் மேற்குச் சுவரில், சாமி படங்களுக்குப் பின்னால், மொட்டைமாடி ஒழுகி இறங்கிய ஓதம் ஆள் உயரத்துக்குப் படர்ந்து கிடந்தது. கை வைத்தால் ஊறின பிஸ்கட் மாதிரி காரை உள்ளே போனது.

“தளத்து ஒழுகலை அடைச்சாச்சு. சுவரைத்தான் என்ன பண்றதுன்னு தெரியல” என்றார் அத்தை. தை மாதம் மகளுக்கு வளைகாப்பு. அவசரத்துக்கு ஒரு கான்ட்ராக்டர் வந்தார். பழைய சுண்ணாம்புக் காரையைக் கொத்தி எறிந்து, சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்து, பன்னிரண்டே நாளில் முடித்துக் கொடுத்தார். வளைகாப்பு ஃபோட்டோக்களில் சுவர் பளபளவென்று இருக்கிறது. சித்திரையில் பெயிண்ட் கொப்பளித்தது. வைகாசியில் கொப்புளத்தைக் குத்தினால் உள்ளேயிருந்து வெள்ளை வெள்ளையாக உப்பு கொட்டியது.

“மழையே இல்லியேடா. எங்கேருந்து வருது இந்தத் தண்ணி?”

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடப்போய்த்தான், நூறு வயதை நெருங்கும் அந்த வீடு எதனால் கட்டப்பட்டது என்று படிக்க ஆரம்பித்தேன்.

சென்னையின் சுண்ணாம்புக்கு ஒரு காலத்தில் உலகப் பெயர் இருந்தது. ஐசக் பைக் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக செயின்ட் ஹெலினா தீவின் கவர்னராக இருந்தவர். மெட்ராஸில் மிகச் சிறந்த சாந்து எப்படித் தயாராகிறது என்று அவர் எழுதிய குறிப்பை, 1730களின் தொடக்கத்தில் லண்டன் ராயல் சொசைட்டி தன் இதழில் வெளியிட்டது. வெல்லத் தண்ணீர், பயறு, கடுக்காய் என்று அதில் வரும் பட்டியலைப் படித்தால் சமையல் குறிப்போ, நாட்டு வைத்தியமோ என்று சந்தேகம் வரும். மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு, நெய், தயிர் வேறு. பளிங்கு மாதிரி மின்னும் ‘மெட்ராஸ் சுண்ணம்’ இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். மூலப்பொருள் கிளிஞ்சல். பழவேற்காட்டுக் கிளிஞ்சல் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகப் படகில் நகரத்துக்கு வந்துகொண்டிருந்தது.

கூரையும் அதே சுண்ணாம்புதான். தேக்குச் சட்டங்களுக்கு மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துத் தெளித்து நாள்கணக்கில் மரக்கட்டையால் அடிப்பார்கள். வரிசையாக உட்கார்ந்து அடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அதற்கு மேல் தட்டோடு. மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் பெற்ற தளம் இது. ஒழுகவே ஒழுகாது என்று பழைய வீட்டுக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். நம்ப வேண்டாம். ஓட்டு இடுக்கில் ஒரு அரசஞ்செடி வேர்விட்டால் போதும், ஒழுகும். ஆனால் ஒழுகிய பிறகு காய்வதற்கு அந்த வீட்டுக்கு ஒரு வழி இருந்தது.

சுவர் காய்வது ஒரே சீராக நடப்பதில்லை. முதலில் உள்ளேயிருக்கும் நீரை நுண்துளைகள் மேல்பரப்புக்கு இழுத்து வந்துகொண்டே இருக்கும். காற்று அதை வாங்கிக்கொண்டு போகும். இந்தக் கட்டம் வேகமானது. பிறகு மேற்பரப்பு காய்ந்து, ஈரம் உள்ளே பின்வாங்கிவிடும். அங்கிருந்து ஆவியாக மட்டும்தான் வெளியே வர முடியும். தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும், காய்ந்திருக்காது. ஒரு அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று பிரிட்டிஷ் கட்டடக்காரர்களிடம் ஒரு தோராயக் கணக்கு உண்டு. அத்தை வீட்டுச் சுவர் பதினெட்டு அங்குலம். இரண்டு பக்கமும் காற்று பட்டாலே ஒன்பது மாதம். நாங்கள் கொடுத்தது பன்னிரண்டு நாள்.

போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியது 1824இல். இந்தியாவில் அதைச் செய்து பார்க்கும் முயற்சி 1904இல் சென்னையில்தான் தொடங்கியது, நிலைக்கவில்லை. 1914இல் போர்பந்தரில் நிலைத்தது. 1949இல் திருநெல்வேலிப் பக்கம் தாழையூத்தில் ஆலை வந்தது. மாதக்கணக்கில் இறுகுகிற சுண்ணாம்பு எங்கே, மறுநாளே கல்லாகிற சிமென்ட் எங்கே! நம் தாத்தாக்கள் மயங்கியதில் தப்பில்லை. கான்கிரீட் சட்டக வீட்டுக்கு அது பொருந்தவும் செய்கிறது. வம்பு எங்கே வருகிறதென்றால், மூச்சுவிடும் பழைய சுவருக்கு மேல் அதைப் போர்த்தும்போது. மயிரிழை விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், வந்த வழியே திரும்பாது. போதாததற்கு மேலே பிளாஸ்டிக் பெயிண்ட். நீரில் கரைந்த உப்பு அந்தத் தோலுக்குப் பின்னால் படிகமாகிப் பூச்சைத் தள்ளும். அத்தை குத்திய கொப்புளம் அதுதான்.

இந்தத் தப்பு சிமென்ட்டோடு பிறந்ததும் இல்லை. ஈரச் சுவரை மறைத்துவிட்டால் தீர்ந்தது என்ற ஆசை பழசு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தன் ஏழாம் புத்தகத்தில் இதற்கென்று ஒரு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். ஓதம் விடாத சுவருக்கு முன்னால் கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு மெல்லிய சுவர் எழுப்பச் சொல்கிறார். கூடவே ஒரு நிபந்தனை: கீழேயும் மேலேயும் காற்றுத் துளை வேண்டும், இல்லையென்றால் ஈரம் புதுச் சுவருக்கும் பரவிவிடும். சாந்தில் மணலுக்குப் பதில் இடித்த ஓட்டுத்தூள் போடச் சொல்கிறார். நம்மூர் சுர்க்கியின் ஒன்றுவிட்ட அண்ணன்!

இதையெல்லாம் படித்த பிறகு போகிக்கு வெள்ளையடிக்கும் வழக்கம் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. ஐப்பசி, கார்த்திகையில் ஜன்னலைத் திறந்து வைத்துப் பிரயோஜனமில்லை, வெளிக்காற்றே நனைந்திருக்கும். வடகிழக்குப் பருவமழை விலகி, வறண்ட காற்று வரும் நேரத்தில் போகி வருகிறது. அப்போதும் சுவர் முழுக்கக் காய்ந்திருக்காது. ஆனால் அடிப்பது கிளிஞ்சல் சுண்ணாம்பும் கொஞ்சம் நீலமும். வீடும் பொங்கலுக்கு வெளுப்பாகிவிடும், அதன் வழியே சுவரும் சித்திரை வரை காய்ந்துகொண்டிருக்கும். இதற்காகத்தான் அந்த வழக்கம் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். எப்படியோ பொருந்தியிருக்கிறது.

ஆனி மாதம் ஒரு வயதான கொத்தனாரைக் கூட்டிவந்தோம். சுவரைத் தட்டிப் பார்த்தார். கறை முடிகிற இடத்துக்கும் ஒரு முழம் தாண்டி சிமென்ட்டைக் கொத்தி எடுத்தார். உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவப்போன என்னைத் தடுத்தார்.

“கழுவுனா கரைஞ்சு திரும்ப உள்ள போயிடும் தம்பி. காஞ்ச பிரஷ்ஷால தட்டிப் பெருக்கி வெளில கொட்டுங்க. பூத்தா மறுபடி பெருக்குங்க.”

“எவ்வளவு நாளைக்கு?”

“பூக்கறது நிக்கிற வரைக்கும்.”

கூடத்தில் வெறும் செங்கல் தெரிய, வந்தவர்கள் எல்லாம் வீட்டை விற்கப்போகிறீர்களா என்று கேட்டார்கள். அத்தை தினமும் காலையில் காபிக்கு முன்னால் பெருக்குவார். ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டிவைத்து, மறுநாள் பிரித்துப் பார்ப்போம். ஆவணியிலும் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோர்த்திருந்தது. அந்த மழைக்காலமும் வந்தது, தளம் ஒழுகவில்லை. மாசியில் ஒருநாள் தாள் காய்ந்திருந்தது. அத்தை என்னை நம்பாமல், பங்குனியிலும் ஒரு தடவை ஒட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொத்தனாருக்கு ஃபோன் போட்டார்.