எத்தனை துப்பாக்கி, யார் கையில்? 2019 ஆயுதச் சட்டத் திருத்தம் குறித்து

2019 டிசம்பரில் நாடாளுமன்றம் ஆயுதச் சட்டத்தைத் திருத்தியபோது சர்ச்சை ஓர் எண்ணைச் சுற்றியே நடந்தது. உரிமம் பெற்றவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை ஒன்றாகக் குறைக்க மசோதா முனைந்தது. எதிர்ப்பு கிளம்பவே இரண்டு என்று முடிவாயிற்று. இந்தப் பேரத்தில் அடிபட்டுப்போனது, இச்சட்டத்தின் பழைய கேள்வி: துப்பாக்கி யார் கையில் இருக்கலாம், அதை முடிவு செய்வது யார்?

1878இல் வைஸ்ராய் லிட்டன் காலத்துச் சட்டம் இந்தியரை உரிமம் கேட்டு நிற்க வைத்தது; ஐரோப்பியருக்கு விலக்களித்தது. அந்த அவமானம் ஆறாததால்தான் 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம், ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் தாங்கும் உரிமையைக் கோரியது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை அடிப்படை உரிமையாக்கச் சொன்னபோது அம்பேத்கர் மறுத்தார்: வலியுறுத்த வேண்டியது தனிமனிதரின் உரிமையை அல்ல, நாட்டுக்கு ஆபத்து நேர்கையில் ஆயுதம் ஏந்தும் கடமையை. திருத்தம் தோற்றது. அன்று முதல் துப்பாக்கி அரசு மனம்வைத்துத் தரும் சலுகை. முடிவு சரியே என்பது என் கருத்து. ஆனால் சலுகை என்றான பின், தருபவரின் விருப்புவெறுப்பைச் சட்டம் கட்டுப்படுத்தியாக வேண்டும்.

1959ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு முயன்றது. பயிர்க்காவலுக்கு மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்பவருக்கு உரிமம் தரவேண்டும் என்கிறது 13ஆம் பிரிவு. பொது அமைதியைக் காரணம் காட்டி மறுக்க வழிவிடுகிறது 14ஆம் பிரிவு. ஆனால் அதே 14இல் அதிகம் பேசப்படாத ஓர் உட்பிரிவு உண்டு: போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணமாக்கி யாருக்கும் உரிமம் மறுக்கக் கூடாது. மிராசுகளின் சுவரில் தொங்கிய துப்பாக்கியைக் குடியானவருக்கும் எட்டச் செய்த வரி இது. எண்ணிக்கைத் தகராறோ இரண்டாவது, மூன்றாவது துப்பாக்கி வைத்திருப்போரின் கவலை.

துப்பாக்கிக் கொலைகளில் பெரும்பாலானவை உரிமமற்ற ஆயுதங்களால் நிகழ்பவை. பீகாரின் முங்கேர் போன்ற இடங்களில் பட்டறைகளில் உருவாகும் கள்ளத் துப்பாக்கி எந்த உச்சவரம்புக்கும் கட்டுப்படாது. 2019 திருத்தம் இதையும் தொட்டது என்பதை மறைக்கக் கூடாது: சட்டவிரோதத் தயாரிப்புக்குக் குறைந்தது 7 ஆண்டுச் சிறை, கல்யாண ஊர்வலத்தில் பிறர் உயிருக்கு ஆபத்தாகச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை. ஆயினும் தண்டனையைக் கூட்டுவது பழைய மருந்து. இதே சட்டத்தின் 27(3)ஆம் பிரிவு விதித்த கட்டாய மரண தண்டனையை 2012இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. பட்டறையைக் கண்டுபிடிக்கும் காவல்துறை இல்லாத இடத்தில் தண்டனைக் காலத்தை நீட்டி என்ன பயன்?

கர்நாடகத்தின் குடகு மாவட்டத்தையும் பார்க்க வேண்டும். காலனி ஆட்சியில் அங்குள்ள கொடவர் சமூகத்துக்குக் கிடைத்த உரிம விலக்கை மத்திய உள்துறை அதே 2019இல் 2029 வரை நீட்டித்தது. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. வீட்டுக்கு வீடு துப்பாக்கி பூசை காணும் அம்மாவட்டத்தின் அனுபவத்தை, உச்சவரம்பை மேலும் குறைக்கக் கோருவோர் தங்கள் வாதத்தில் கணக்கில் எடுக்க வேண்டும்.