தலைமையாசிரியரும் வகுப்பறையும்: ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்தை முன்வைத்து

தொடக்கப் பள்ளியில் பாடம் எப்படி நடக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர் யார்? ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்தின் கல்வி வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால், அந்த முடிவு பெரும்பாலும் பள்ளிக்கு வெளியிலிருந்தே வந்திருக்கிறது.

இதன் வேர் சென்னை மாகாணத்தின் மானிய முறையில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆய்வாளர் நடத்தும் தேர்வில் பிள்ளைகள் பெறும் தேர்ச்சியைப் பொறுத்துப் பள்ளிக்குப் பணம் கிடைத்தது. கற்பித்தலை எடைபோடும் உரிமை ஆய்வாளருடையது. அவர் வரும் நாளுக்குப் பதிவேடுகளையும் பிள்ளைகளையும் தயாராக வைத்திருப்பது தலைமையாசிரியரின் வேலையானது.

காமராஜர் ஆட்சியில் தலைமையாசிரியருக்கு வேறொரு முகம் வந்தது. பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் முதலாவது 1958இல் கடம்பத்தூரில் கூடியது; ஸ்ரீபெரும்புதூருக்கு வடக்கே, அன்று அதே செங்கற்பட்டு மாவட்டத்தில். ஊரார் கட்டடமும் பலகையும் தளவாடமும் கொடுத்தார்கள். தலைமையாசிரியர் ஊரைத் திரட்டுபவராக உயர்ந்தார். மகத்தான பணிதான், ஆனால் சக ஆசிரியரின் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கும் வழக்கம் அதிலிருந்து பிறக்கவில்லை. 1981இல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களானதும் ஊதியம் உறுதிப்பட்டது; ஆனால் இந்நிலை மாறவில்லை.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், ஆணையர் எம். பி. விஜயகுமாரின் முயற்சியால், ரிஷிவேலிப் பள்ளியின் முறையைப் பின்பற்றிச் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007–08இல் மாநிலம் முழுதும் பரவியது. பாட அட்டைகளும் கற்றல் வரிசையைக் காட்டும் ஏணிப்படியும் தாழ்ந்த கரும்பலகைகளும் பிள்ளைகளுக்கு நன்மையே செய்தன. எனினும் அட்டை, பயிற்சி, கண்காணிப்பு எல்லாம் மேலிருந்தே வந்தன. 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலும் கையேடு தயாராக வருகிறது. வகுப்பைப் பார்வையிடும் அலுவலர் செயலியில் பதிவு செய்கிறார்.

இதற்கிடையில் வட்டாரமே மாறிவிட்டது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறந்தது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. வேலையோடு குடும்பங்களும் வருகின்றன, போகின்றன. அக்டோபரில் ஒடியா மட்டும் பேசும் பிள்ளை மூன்றாம் வகுப்பில் சேர்ந்தால் எந்தக் குழுவில் உட்கார வைப்பது, முதல் வாரம் என்ன சொல்லித் தருவது என்பதை மாநிலம் முழுமைக்குமான கையேடு சொல்லாது. பள்ளியில் இருப்பவர்தான் முடிவெடுக்க வேண்டும்.

அவருக்கு நேரம் இருக்கிறதா? கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி, 150 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் தொடக்கப் பள்ளிக்குத் தனித் தலைமையாசிரியர். ஈராசிரியர் பள்ளியில் தலைமையாசிரியரும் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்துகிறார். எழுத்தர் கிடையாது. காலை உணவு, சத்துணவுக் கணக்கு, எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளத்தில் வருகைப்பதிவு, மாற்றுச் சான்றிதழ் எல்லாம் அவர் தலையில். பக்கத்து அறையில் எந்தப் பிள்ளை எழுத்துக் கூட்டத் திணறுகிறது என்று பார்க்க அவருக்கு ஒரு பாடவேளைகூட மிஞ்சுவதில்லை.

பயிற்சி முகாம்களை மட்டும் பெருக்கினால் இது தீராது. நான்கைந்து பள்ளிகளுக்குப் பொதுவாக ஓர் எழுத்தரை அரசு நியமிக்க வேண்டும். வாரத்தில் இரண்டு பாடவேளை சக ஆசிரியரின் வகுப்பில் அமரத் தலைமையாசிரியருக்கு நேரம் ஒதுக்க வேண்டும். பலமொழிப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது பற்றிய பயிற்சியை மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனம் ஒரகடத்துப் பள்ளிகளுக்கே வந்து நடத்த வேண்டும்.