காவலும் காப்பும்: கோலார் தங்கவயல் நந்திதுர்க் பகுதியின் பாதுகாப்பு விதிகள் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழில் 'கா' என்னும் வினையடியாகக் காவல், காப்பு ஆகிய இரு சொற்களும் பிறக்கின்றன. காவல் என்பது பொருளையும் எல்லையையும் பிறர் அணுகாவண்ணம் தடுத்து நிற்பதைக் குறிக்கிறது. காப்பு என்பதோ உயிருக்கு ஊறு நேராமல் பேணுவதைக் குறிக்கிறது. பிள்ளைத்தமிழின் முதற்பருவம் காப்புப் பருவமாக அமைவதும், நூலின் தொடக்கத்தில் காப்புச் செய்யுள் இடம்பெறுவதும் இப்பொருள் பற்றியே ஆகும். கையில் அணியும் வளையத்திற்கும் காப்பு என்பதே பெயர். ஒரு குடியிருப்புக்கு விதிக்கப்படும் பாதுகாப்பு விதிகள் இவ்விரண்டனுள் எதனை நோக்கமாகக் கொண்டவை என்னும் வினா, அக்குடியிருப்பின் வரலாற்றை விளங்கிக்கொள்ள உதவும். கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலில், குறிப்பாக நந்திதுர்க் சுரங்கப் பகுதியில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்மீது செயற்பட்ட விதிகளை இவ்வினாவின் வழியே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடமும் மக்களும்

தங்கவயலின் சுரங்கங்கள் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் ஒரே பொன்தாதுப் படுகையின்மேல் அமைந்தவை. வடக்கே பாலகாட், அதனையடுத்து நந்திதுர்க், பின்னர் உரிகம், சாம்பியன் ரீஃப், தெற்கே மைசூர் சுரங்கம் என இவை வரிசைப்படும். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்குக் கால்கொண்ட பின்னர் இச்சுரங்கங்கள் அதன் மேலாண்மையில் வளர்ச்சியுற்றன. நந்திதுர்க் என்பது நந்தி மலைக்கோட்டையின் பெயர். மைசூர் அரசின் பழைய நிர்வாகப் பிரிவு ஒன்றும் அப்பெயரால் வழங்கியது. துர்க்கம் என்னும் வடசொல்லுக்குத் தமிழில் அரண் என்பது பொருள். திருக்குறளில் 'அரண்' அதிகாரம் 'நாடு' என்பதற்கும் 'பொருள் செயல்வகை' என்பதற்கும் இடையே வைக்கப்பட்டுள்ளது. சுரங்கத்திற்கு வாய்த்த இப்பெயர் தற்செயலானதே எனினும், அங்கு அரண் யாருக்கு, எதற்கு என்னும் வினாவை அது எழுப்பாமல் இல்லை.

சுரங்கத்தின் அடித்தளத்தில் உழைத்தோரில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த ஆதிதிராவிட மக்கள். நிலவுடைமைச் சாதியமைப்பின் பிடியிலிருந்து விடுபடும் வாய்ப்பாகவும் அவர்கள் இவ்விடத்தைக் கண்டனர். அயோத்திதாசப் பண்டிதரின் தமிழ்ப் பௌத்த இயக்கம் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃப் பகுதியிலும் வேரூன்றியமையும், 1926ஆம் ஆண்டு முதல் 'தமிழன்' இதழ் ஜி.அப்பாதுரையாரால் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தமையும் இம்மக்கள் எழுத்தறிவையும் தன்மதிப்பையும் நாடி நின்றமைக்குச் சான்றுகளாகும்.

பொன்னைக் காத்த சட்டம்

பொன் சிறிய அளவிலேயே பெருமதிப்புடையது. கைக்குள் மறைத்து எடுத்துச் செல்லத்தக்கது. ஆகவே தாதுத் திருட்டைத் தடுப்பதே சுரங்க நிறுவனங்களின் முதற் கவலையாக இருந்தது. மைசூர் அரசு 1906ஆம் ஆண்டில் இயற்றிய சுரங்கச் சட்டம் இக்கவலைக்குத் துணைநின்றது. பொன் கலந்த பொருளை வைத்திருந்தவரே அது தமக்கு முறையாகக் கிடைத்தது எனக் காட்ட வேண்டியவரானார். குற்றம் சாட்டுவோர் அதனை மெய்ப்பிக்க வேண்டும் என்னும் பொதுநெறி இங்குத் தலைகீழானது.

அரசின் காவல்துறையோடு நிறுவனங்கள் தமக்கெனக் காவலாளர்களையும் வைத்திருந்தன. பஞ்சாபிலிருந்து அழைத்துவரப்பட்டோர் இப்பணியில் மிகுதியாக அமர்த்தப்பட்டனர். உழைப்பவரும் காவல் புரிபவரும் ஒருவர் மொழியை ஒருவர் அறியாதிருப்பது நிறுவனத்திற்கு நன்மை பயப்பதாகவே இருந்தது. கீழிருந்து மேலே வரும் தொழிலாளி உடற்சோதனைக்கு ஆளானார். எண் கொண்ட வளையம் ஒன்று அவர் மணிக்கட்டில் இடப்பட்டது. காப்பு என்னும் தமிழ்ச் சொல்லின் இரு பொருள்களும் இங்கு எதிரெதிராக நின்றமை நோக்கத்தக்கது. கையில் வளையம் இருந்தது; அது அணிந்தவரைக் காப்பதற்காக இடப்பட்டதன்று.

கைரேகையும் 1930ஆம் ஆண்டு வேலைநிறுத்தமும்

1930ஆம் ஆண்டில் நிறுவனங்கள் தொழிலாளர் அனைவரையும் கைரேகையுடன் பதிவு செய்யும் திட்டத்தைக் கொண்டுவந்தன. இதனை எதிர்த்து அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் ஏறத்தாழ மூன்று வாரங்கள் வேலைநிறுத்தம் நடைபெற்றது. அந்நாளில் அங்குத் தொழிற்சங்கம் எதுவும் இல்லை. அறியப்பட்ட தலைவர் ஒருவரின்றியே பல்லாயிரவர் ஒருங்கே பணியை நிறுத்தினர். வரலாற்றாய்வாளர் ஜானகி நாயர் இவ்வேலைநிறுத்தத்தைத் தனிக் கட்டுரையாகவும், 1998ஆம் ஆண்டில் வெளிவந்த 'மைனர்ஸ் அண்ட் மில்ஹேண்ட்ஸ்' என்னும் நூலிலும் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

கூலியைக் குறைக்காத ஒரு பதிவுமுறை இத்துணை எதிர்ப்பை எழுப்பியது ஏன்? இதற்கு இரு காரணங்களைக் கூறலாம். முதலாவது, வாழ்க்கைப்பாடு பற்றியது. ஒரு சுரங்கத்தில் நீக்கப்பட்டவர் மற்றொரு சுரங்கத்தில் வேறு பெயரில் வேலை தேடிக்கொள்ளும் வழியைக் கைரேகை அடைத்துவிடும். இரண்டாவது, மானம் பற்றியது. 1897ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கைரேகை நிலையம் நிறுவப்பட்டது குற்றவாளிகளை அடையாளம் காண்பதற்கே ஆகும். குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ்ப் பதியப்பட்ட குடிகளிடமும் கைரேகை பெறப்பட்டது. அப்பதிவை மறுத்த மதுரை மாவட்டப் பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிச்சூடு நடத்தப்பட்டுப் பலர் உயிரிழந்தனர். கடல்கடந்த தமிழரும் இதே கொடுமையை எதிர்கொண்டனர். தென்னாப்பிரிக்காவின் டிரான்சுவாலில் ஆசியர் கைரேகையிட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்னும் விதியை எதிர்த்தே 1906ஆம் ஆண்டு செப்டம்பரில் காந்தியடிகளின் அறப்போர் தொடங்கியது. அதில் தமிழரின் பங்கு பெரிது. தங்கவயல் தொழிலாளர் இந்நிகழ்ச்சிகளை அறிந்திருந்தனரா என்பதைவிட, மூவிடத்தும் மறுப்பு ஒன்றாகவே இருந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது. குற்றம் செய்யாதவரிடம் குற்றவாளியின் அடையாளத்தைக் கேட்பதை அவர்கள் ஏற்கவில்லை. தங்கவயலில் கைரேகைத் திட்டம் கைவிடப்பட்டது.

உயிரைக் காவாத காவல்

பொன்னைக் காக்கக் காட்டப்பட்ட கூர்மை உயிரைக் காப்பதில் காட்டப்பட்டதா என்பது அடுத்த வினா. சுரங்கங்கள் ஆழமாக ஆழமாகப் பாறையின் அழுத்தம் மிகுந்து வெடிப்புகள் நேர்ந்தன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. கீழே பாறை வெடிக்கும்போது மேலே குடியிருப்புகளும் அதிர்ந்தன. ஓசை எழாத கேடு மற்றொன்றும் இருந்தது. 1940 முதல் 1946 வரை நடைபெற்ற ஆய்வில் 7,653 தொழிலாளர் சோதிக்கப்பட்டனர். அவர்களுள் 43.7 விழுக்காட்டினருக்குக் கல்தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸ் இருப்பது கண்டறியப்பட்டது. தொழிலாளி தன் உடலில் பொன்துகள் கொண்டு போகிறாரா என நாள்தோறும் வாயிலில் சோதித்தனர். அதே உடல் அரை நூற்றாண்டாகச் சுமந்து சென்ற கல்தூசியை எவரும் தேடவில்லை. காவலுக்கும் காப்புக்கும் இடையிலிருந்த தொலைவை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை எனலாம்.

1940களில் சங்கங்கள் உருப்பெற்றபோது காவல்துறைக்கும் குடியிருப்புகளுக்கும் இடையே மோதல் வளர்ந்தது. 1946ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் நிகழ்ந்த துப்பாக்கிச்சூட்டில் ஆறு தொழிலாளர் உயிரிழந்தனர். தங்கவயலின் தொழிலாளர் இயக்கம் அந்நாளை ஈகியர் நாளாகப் போற்றி வருகிறது.

சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர்

1956ஆம் ஆண்டில் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962ஆம் ஆண்டில் அவை நடுவண் அரசின் பொறுப்பில் வந்தன. 1972ஆம் ஆண்டில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. பாறை இயக்கவியலுக்கான தேசிய நிறுவனம் 1988ஆம் ஆண்டில் இங்கு அமைந்தமை, உயிர்க்காப்பு அறிவியலின் கவனத்தைப் பெற்றமைக்கு அடையாளமாகும். எனினும் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் சுரங்கங்கள் மூடப்பட்டன.

சுரங்கம் மூடப்பட்டமையால் இடர் மூடப்படவில்லை. கைவிடப்பட்ட குழிகளும், 3 கோடி டன்னுக்கும் மேற்பட்ட கழிவுமண் குவிந்த சயனைடு மேடுகளும் குடியிருப்புகளுக்கு நடுவே நிற்கின்றன. கோடைக்காற்றில் அம்மண் வீடுகளுக்குள் புகுகிறது. கைவிடப்பட்ட சுரங்கத்தினுள் இறங்கியோர் மூச்சுத்திணறி இறந்த செய்தி 2020ஆம் ஆண்டு மே மாதத்திலும் வெளிவந்தது. வருவாய் நிர்வாகத்தில் கோலார் மாவட்டத்தைச் சேர்ந்த தங்கவயல், தனிக் கண்காணிப்பாளரைக் கொண்ட காவல் மாவட்டமாக விளங்குவது பொன் இருந்த காலத்தின் எச்சமாகும். காவல்துறையின் எச்சரிக்கைகள் இன்று சுரங்கத்தினுள் நுழைவோரைத் தண்டிப்பதை மட்டுமன்றி, நுழைந்தால் நேரும் இறப்பைத் தவிர்ப்பதையும் கருத வேண்டிய நிலை உருவாகியுள்ளது. முதன்முறையாகக் காவலும் காப்பும் ஒரே விதிக்குள் அடங்குவதற்கான சூழல் இது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், தங்கவயலில் பாதுகாப்பு என்னும் பெயரால் வந்த விதிகள் நெடுங்காலம் பொருளின் காவலாகவே இருந்தன என்பதும், மக்கள் விதிகளையே வெறுத்தவரல்லர், தம்மைக் கள்வராகக் கொண்டு எழுதப்பட்ட விதிகளையே மறுத்தனர் என்பதும் பெறப்படுகின்றன. இன்றைய அறிவிப்புகளைக் குடியிருப்போர் ஐயத்தோடு நோக்குவாராயின், அதன் வேர் இவ்வரலாற்றில் உள்ளது. நம்பிக்கையைப் பெற விரும்பும் எந்த விதியும் குடியிருப்போரின் மொழியில் அமைந்து, அவர்களிடம் கலந்து வகுக்கப்பட வேண்டும்.

சுரங்கம் பற்றிய ஆவணங்களில் பெரும்பகுதி நிறுவனத்தின் மொழியான ஆங்கிலத்தில் உள்ளது. வளையம் அணிந்தவரின் கூற்று தமிழில், முதியோர் நினைவில் எஞ்சியிருக்கிறது. 2001ஆம் ஆண்டில் இறுதியாகச் சுரங்கத்திலிருந்து மேலேறி வந்தோர் முதுமையெய்தி வருகின்றனர். நந்திதுர்க் குடியிருப்புகளில் அவ்வாய்மொழிச் சான்றுகளைத் திரட்டுவது தமிழாய்வுத் துறைகள் காலந்தாழ்த்தாது மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.