பாட்டே ஏடாக: இலங்கைக் காப்பிரியர் வரலாறு

மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா 1344ஆம் ஆண்டளவில் இலங்கையிலிருந்து தமிழகக் கரையடைந்து, சுல்தான்கள் ஆண்ட மதுரைக்கு வந்தார். முன்னதாகக் கொழும்பைக் கண்ட அவர், அங்கிருந்த கடற்றலைவனிடம் ஏறத்தாழ 500 அபிசீனியர் இருந்தனர் எனக் குறித்துள்ளார். வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்குவதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னரே ஆப்பிரிக்கர் நம் அண்டைத் தீவில் வாழ்ந்தனர் என்பதற்கு இக்குறிப்பே சான்றாகும்.

பின்னர் வந்தோர் தாமே விரும்பி வந்தவரல்லர். 1505இல் இலங்கையை அடைந்த போர்த்துக்கேயர், மொசாம்பிக் முதலிய கிழக்காப்பிரிக்கப் பகுதிகளிலிருந்து அம்மக்களை அடிமைகளாகவும் படைவீரராகவும் கொணர்ந்தனர். ஒல்லாந்தர் காலத்திலும் அடிமை முறை தொடர்ந்தது. கொழும்பில் அடிமைகளை வைத்திருந்த இடத்திற்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் 'அடிமைத் தீவு' என்பதாகும்; தமிழர் வழக்கில் அது கொம்பனித் தெரு. ஆங்கிலேயரும் ஆப்பிரிக்கரைத் தம் படையில் சேர்த்தனர். 1844இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. படைப்பணி முடித்தோர் சிலர் புத்தளம் பகுதியில் குடியமர்ந்தனர். அவர்தம் வழியினர் இன்றும் சிரம்பியடியில் வாழ்கின்றனர்.

'காப்பிரி' என்னும் பெயர், இறைமறுப்பாளரைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அப்பெயரைச் சுமந்தோருள் பெரும்பாலோர் கத்தோலிக்கர் என்பது வரலாற்றின் முரண். பெயரும் பிறர் தந்தது. மொழியும் பிறர் தந்ததே. ஆப்பிரிக்கத் தாய்மொழிகள் மறைந்து, போர்த்துக்கேயக் கலப்புமொழி வந்தது. பின்னர் அதுவும் தேய்ந்து, சிங்களம் வீட்டுமொழியாயிற்று.

தேயாதது 'மாஞ்சா' என்னும் பாட்டு. தேங்காய்ச் சிரட்டை, கரண்டி, கண்ணாடிப் புட்டி ஆகியவையே கருவிகள். மெல்லத் தொடங்கும் தாளம் படிப்படியாக விரைந்து ஆடுவோரை ஈர்க்கும். சொற்பொருள் முழுதும் விளங்காத பாடல்களையும் தலைமுறைகள் வாய்வழியாகக் காத்து வருகின்றன.

அபிசீனியாவில் பிறந்து அடிமையாக விற்கப்பட்ட மாலிக் அம்பர், அகமதுநகர் அரசின் தலைமை அமைச்சராக உயர்ந்து, 1626இல் மறையும்வரை முகலாயரை எதிர்த்து நின்றார். அவருக்கு அரசவை ஏடுகள் உண்டு. சிரம்பியடியினர்க்கோ பாட்டே ஏடு.

மதுரையில் சௌராட்டிர நெசவாளர் பல நூற்றாண்டுகளாகத் தாய்மொழியை இல்லத்தில் பேணி வருகின்றனர். பெருந்திரளாகச் சேர்ந்து வாழ்ந்ததும் ஒரே தொழிலும் அம்மொழிக்கு வேலியாயின. அவ்வேலி வாய்க்காத சிறுகூட்டம் மொழியை இழந்தது. ஆயினும் இசையை இழக்கவில்லை. தறியோசை கேட்டு வளர்ந்த செல்லூர்க் கவிஞர்க்குத் தாளம் நினைவைக் காக்கும் என்பது புதிய செய்தியன்று. பாடுவோர் உள்ளபோதே அப்பாட்டைக் கேட்டுப் பதிவு செய்தல் அறிந்தோர் கடன்.